பழைய ஏர்கூல்டு கார் ஸ்டார்ட் ஆக மக்கர் பண்ணினால்: கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன்

முதலில் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள். "வண்டி ஸ்டார்ட் ஆகமாட்டேன் என்கிறது" என்று யார் சொன்னாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: எப்போது? ராத்திரி முழுக்க நின்று காலையில் எடுக்கும்போதா, நன்றாக ஓடிவிட்டுக் கால் மணி நேரம் நிறுத்தித் திரும்ப எடுக்கும்போதா, ரெண்டு வாரம் கவர் போட்டு மூடி வைத்துவிட்டு எடுக்கும்போதா? அப்புறம் இன்னொரு கேள்வி. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றவே இல்லையா, இல்லை சுற்றுகிறது ஆனால் பிடிக்கவில்லையா? இந்த ரெண்டுக்கும் ஒழுங்கான பதில் இருந்தாலே சந்தேகப் பட்டியலில் பாதிச் சாமான்கள் கழன்றுவிடும். ஆனால் வழக்கமாக என்ன நடக்கிறது? கார்புரேட்டரைக் கழற்றி, ஊதி, கண்ணில் பட்ட ஸ்க்ரூவை எல்லாம் ஒரு திருகு திருகி மாட்டுவார்கள். பழைய கோளாறு அப்படியே இருக்கும், கூடவே புதிதாக ஒன்று சேர்ந்திருக்கும். கார்புரேட்டர் கோளாறில் முக்கால்வாசி கரண்ட் கோளாறு என்று பழைய மெக்கானிக்குகள் கேலியாகச் சொல்வது கேலி மட்டும் இல்லை.

கீழே வருவதெல்லாம் ஃபோக்ஸ்வாகன் பீட்டிலை (எஞ்சின் பின்னால் இருக்கிற, தண்ணீருக்குப் பதில் காற்றால் குளிர்கிற கார்) வைத்துச் சொல்கிறேன், என்னிடம் இருப்பது அதுதான். பழைய போர்ஷே, ஃபியட் 500, சிட்ரோயன் 2சிவி வைத்திருப்பவர்களுக்கும் தேடுகிற முறை இதேதான், அளவுகள் மட்டும் மாறும். 2சிவியில் டிஸ்ட்ரிபியூட்டரே (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பங்கிடுகிற சாமான்) கிடையாது, ஒரே காயில் (வோல்ட்டை உயர்த்திப் பொறி உண்டாக்குகிற சுருள்) ரெண்டு பிளக்குக்கும் ஒரே நேரத்தில் பொறி கொடுக்கும். அதன் பாயிண்ட் (காயிலின் கரண்ட்டைத் திறந்து மூடுகிற தொடுமுனை) டப்பா ஃபேனுக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால் வருஷக்கணக்கில் யாரும் திறந்து பார்ப்பதில்லை, பாதி 2சிவிக்கு நோயே அங்கேதான்.

வேலையை ஆரம்பிக்கும் முன் எஞ்சின் மூடியைத் திறந்து மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தால் சாவியைத் தொடவே வேண்டாம், முதலில் கசிவு எங்கே என்று கண்டுபிடியுங்கள். துணி சுற்றிய பழைய ஹோஸ் வெளியே நன்றாகத் தெரியும், வளைத்துப் பார்த்தால் உள்ளே பாளம் பாளமாக வெடித்திருக்கும். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரமே கெடுத்துவிடுகிறது. பம்பிலும் கார்புரேட்டரிலும் அழுத்தி மாட்டியிருக்கிற பித்தளைக் குழாய் மூக்கைக் கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடினால் அது என்றைக்காவது கழன்று சூடான எஞ்சின் மேல் பெட்ரோலைக் கொட்டும். பீட்டிலின் கிராங்க்கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு) மெக்னீசியக் கலவை. அது பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்ற ஊற்ற இன்னும் உக்கிரமாக எரியும். பக்கத்தில் ஒரு தீயணைப்பான் இருக்கட்டும்.

செல்ஃப் சுற்றவில்லை, அல்லது தூங்கி வழிகிறது

பேட்டரியில் மீட்டரை வையுங்கள். ராத்திரி சும்மா இருந்த 12 வோல்ட் பேட்டரி 12.6 காட்டினால் நிறைவாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணை மட்டும் நம்ப வேண்டாம், செல்ஃப் அடிக்கும்போது எவ்வளவு இறங்குகிறது என்பதுதான் விஷயம். காயிலின் நடு ஒயரைப் பிடுங்கி எர்த்தில் தொட வைத்துவிட்டு, எஞ்சின் பிடித்துவிடாதபடி செல்ஃப் அடியுங்கள். பத்து வோல்ட்டுக்கு மேலே நின்றால் நல்லது, ஒன்பதரைக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சார்ஜ் போட்டுச் சோதித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

பேட்டரி நல்லது, ஆனாலும் எஞ்சின் இழுத்து இழுத்துச் சுற்றுகிறதா? அப்போது வழியில் எங்கோ கரண்ட் தேங்குகிறது. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் குமிழிலும் மறுமுனையைக் கிராங்க்கேஸின் சுத்தமான உலோகத்திலும் வைத்துக்கொண்டு இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பீட்டிலில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கின்றன, அவற்றுக்கும் பாடிக்கும் நடுவே கரண்ட் திரும்பி வருகிற வழி பின்னிய பட்டை ஒன்றுதான், அது கியர்பாக்ஸில் மாட்டியிருக்கும். வண்டிக்கு அடியில், சேறு படுகிற இடத்தில் இருப்பதால் யார் கண்ணிலும் படாமல் பச்சை பூத்துக்கிடக்கும். கழற்றி, ரெண்டு முனையையும் உலோகம் மின்னுகிற வரை உப்புத்தாள் போட்டு மாட்டுங்கள். இதே சோதனையைப் பிளஸ் பக்கமும், பேட்டரிக் குமிழுக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் நடுவே செய்யலாம்.

6 வோல்ட் வண்டி (அமெரிக்காவுக்குப் போன பீட்டில்களில் 1966 மாடல் வரைக்கும் 6 வோல்ட், 1967இலிருந்து 12) வைத்திருப்பவர்கள் இந்த வேலையை இரட்டிப்புக் கவனத்தோடு செய்யணும். அதே சக்திக்கு ரெண்டு மடங்கு கரண்ட் ஓடுகிறது, அதனால் துருப்பிடித்த அதே முனையில் ரெண்டு மடங்கு வோல்ட் வீணாகிறது, இருப்பதோ பாதி வோல்ட். கணக்குப் போட்டால் நாலு மடங்கு நஷ்டம். "6 வோல்ட்டே இப்படித்தான் மெதுவாகச் சுற்றும்" என்பது கட்டுக்கதை, தடிமனான ஒயரும் சுத்தமான முனையும் இருந்தால் நன்றாகவே சுற்றும்.

இன்னொரு ரகம்: காலையில் செல்ஃப் கம்பீரமாக அடிக்கும், ஓடிச் சூடான பிறகு சாவியைத் திருப்பினால் "டிக்" என்று ஒரே ஒரு சத்தம், அல்லது அதுவும் இல்லை, கொஞ்சம் ஆறவிட்டால் மறுபடி எடுக்கும். பேட்டரி பின்சீட்டுக்கு அடியில், ஸ்டார்ட்டரும் பின்னால், ஆனால் சாவி முன்னால். சொலினாய்டை (ஸ்டார்ட்டரில் இருக்கிற மின்காந்த ஸ்விட்ச்) இழுக்கிற கரண்ட் வண்டியின் நீளம் முழுக்க முன்னே போய், பத்து இருபது வருஷம் தேய்ந்த சாவி ஸ்விட்ச்சுக்குள் நுழைந்து, மறுபடி பின்னால் வரணும். சொலினாய்டும் சூட்டில் அதிக வோல்ட் கேட்கும். வழியில் ரெண்டு மூன்று வோல்ட் தொலைந்தால் இழுக்கச் சக்தி இருக்காது. இதற்கு ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு ரிலே போட்டுவிடுவதுதான் வழி, சாவியிலிருந்து வருகிற மெல்லிய கரண்ட் ரிலேவை மட்டும் இழுத்தால் போதும், சொலினாய்டுக்குப் போவது நேராகப் பேட்டரி கரண்ட். ஸ்டார்ட்டரையே மாற்றுகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: பீட்டில் ஸ்டார்ட்டர் தண்டின் நுனி கியர்பாக்ஸ் கேஸில் இருக்கிற ஒரு சின்ன புஷ்ஷில் சுற்றுகிறது. அது தேய்ந்திருந்தால் தண்டு சாய்ந்து உள்ளே உரசும், புது ஸ்டார்ட்டரும் பழையதைப் போலவே முக்கும்.

சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை

இப்போது பொறியைப் பார்க்கலாம். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் நடுவிலிருந்து காயில் ஒயரைப் பிடுங்கி, ரப்பர் பிடி போட்ட குறட்டால் பிடித்து, எஞ்சின் உலோகத்திலிருந்து ஆறு மில்லிமீட்டர் தள்ளி வைத்துச் செல்ஃப் அடியுங்கள், பக்கத்தில் பெட்ரோல் ஈரம் எதுவும் இருக்கக்கூடாது. நீலமாகச் "சட் சட்" என்று குதித்தால் காயில், பாயிண்ட், கண்டென்சர் (பாயிண்ட் முகம் கருகாமல் காக்கிற சின்ன டப்பா) மூன்றும் வேலை செய்கின்றன. மஞ்சளாக மெல்லிய நூல் மாதிரி வந்தால் வரவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் சிலிண்டருக்குள் அழுத்தத்துக்கு நடுவே அந்தப் பொறி குதிக்காது.

பொறி பலவீனமாக இருந்தால் முதலில் காயிலுக்கு வருகிற வோல்ட். காயிலில் 15 என்று போட்ட முனைக்குச் சாவியிலிருந்து கரண்ட் வரும், 1 என்று போட்ட முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். சோக்குக்கும் (குளிரில் காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டுகிற தகடு) கார்புரேட்டரின் ஐட்லிங் சொலினாய்டுக்கும் போகிற ஒயர்களும் 15இல்தான் இருக்கணும். யாராவது எஞ்சினை இறக்கி ஏற்றியபோது அதில் ஒன்றை 1இல் செருகிவிட்டால் வண்டி எடுக்கவே எடுக்காது, எடுத்தாலும் இருமிக்கொண்டே ஓடும், நீங்கள் பிளக்கை மாற்றுவீர்கள், ஒயரை மாற்றுவீர்கள், ஒன்றும் நடக்காது. சாவியைப் போட்டுவிட்டு எஞ்சின் ஓடாமல் ரொம்ப நேரம் சோதிக்கவும் கூடாது, பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் வெந்துபோகும்.

அடுத்து பாயிண்ட். இங்கே அவசரப்படாதீர்கள். மூடியைக் கழற்றி, உள்ளே சுற்றுகிற ரோட்டரை இழுத்து எடுத்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். ரெண்டு சின்ன வட்ட முகம், மிளகு அளவுதான் இருக்கும். நல்ல பாயிண்ட்டின் முகம் மங்கின சாம்பல் நிறத்தில் சமமாக இருக்கும். ஒரு முகத்தில் குழியும் எதிர் முகத்தில் மேடும் விழுந்திருந்தால் உலோகம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் இடம் பெயர்ந்திருக்கிறது, கண்டென்சரைச் சந்தேகப்படலாம். நீலமாகக் கருகியிருந்தால் அதிகச் சூடு. எண்ணெய்ப் படலம் இருந்தால், அது புதுப் பாயிண்ட்டோடு கடையிலிருந்தே வந்த படலமாகக்கூட இருக்கும், மழமழப்பு இல்லாத கெட்டி அட்டை ஒன்றை நடுவே விட்டு நாலு முறை இழுங்கள். அட்டையில் கறுப்புக் கோடு விழாத வரைக்கும் இழுங்கள். சில சமயம் கோளாறே அவ்வளவுதான்.

இடைவெளி 0.4 மி.மீ. எஞ்சினைப் புல்லி நட்டைப் பிடித்துக் கடிகாரச் சுற்றில் திருப்பி, பாயிண்ட்டின் பிளாஸ்டிக் கட்டை கேமின் மேட்டு உச்சியில் நிற்கும்போது ஃபீலர் கேஜை விட்டுப் பாருங்கள். மேடு விழுந்த பழைய பாயிண்ட்டில் கேஜ் பொய் சொல்லும், அதற்கு பாயிண்ட் எத்தனை டிகிரி மூடியிருக்கிறது என்று காட்டுகிற டிவெல் மீட்டர்தான் சரி, 44 முதல் 50 டிகிரிக்குள் இருக்கட்டும். அந்தப் பிளாஸ்டிக் கட்டை தேயத் தேய இடைவெளி குறையும், குறையக் குறைய பாயிண்ட் தாமதமாகத் திறக்கும், அதாவது நீங்கள் எதையும் தொடாமலே டைமிங் (பொறி விழுகிற நேரம்) பின்னுக்குப் போய்க்கொண்டிருக்கும். "போன மாதம் வரைக்கும் நல்லாத்தானே எடுத்தது" என்கிற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கட்டைதான். கேமில் ஒரு பொட்டு கிரீஸ் வைத்தால் தேய்மானம் குறையும். ஒரு பொட்டுதான், அதிகமானால் பாயிண்ட் முகத்தில் தெறிக்கும்.

வேக்குவம் டிஸ்ட்ரிபியூட்டராக இருந்தால் உள்ளே பாயிண்ட் தட்டோடு சேர்ந்து ஆடுகிற சின்ன ஒயரையும் விரலால் இழுத்துப் பாருங்கள். வெளியே உறை முழுசாக இருக்க, உள்ளே கம்பி அறுந்து போயிருக்கும், தட்டு ஒரு பக்கம் நகர்ந்தால் தொடும், மறுபக்கம் நகர்ந்தால் விடும். கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும், சரிசெய்ய அஞ்சு நிமிஷம்.

கண்டென்சரைக் கண்ணால் பார்த்து எடைபோட முடியாது. புதிது என்பதால் நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். ஒரு முறை பாயிண்ட், கண்டென்சர், ரோட்டர், மூடி எல்லாவற்றையும் ஒரே நாளில் புதிதாகப் போட்டுவிட்டுப் பெருமையாகக் கிளம்பினேன். மூன்றாம் நாள் எஞ்சின் சூடானதும் நின்றது, ஆறினால் எடுத்தது, மறுபடி சூடானதும் நின்றது. நாலு சாமானை ஒன்றாக மாற்றியதால் எது என்று தெரியவில்லை, பெட்ரோல் பக்கம் போய் ஒரு வாரம் வீணாக்கினேன். கடைசியில் டப்பாவில் தூக்கிப் போட்டிருந்த பழைய கண்டென்சரை மாட்டினேன், சாவியைத் தொட்டதும் எடுத்துவிட்டது. அந்தப் பழையது இன்னும் வண்டியில்தான் இருக்கிறது. அதிலிருந்து ஒரு நேரத்தில் ஒரு சாமான்தான் மாற்றுகிறேன், கழற்றிய பழையதையும் எறிவதில்லை.

காயிலும் இப்படிச் சூட்டில் கழுத்தறுக்கும். 12 வோல்ட் காயிலின் 15க்கும் 1க்கும் நடுவே ஓம் மீட்டர் மூன்றிலிருந்து நாலுக்குள் காட்டணும், ஆனால் ஆறிய காயில் சரியாகக் காட்டிவிட்டுச் சூட்டில் உளறும், அதனால் வண்டி மக்கர் பண்ணும் நேரத்திலேயே அளந்து பாருங்கள். மூடியில் முடி போன்ற விரிசல், நடுவில் ஸ்பிரிங் போட்ட கார்பன் குச்சி தேய்ந்து போயிருப்பது, உள்ளே ஈரம், இதெல்லாம் துடைத்துப் பார்த்தாலே தெரியும். ஒயர் சந்தேகமாக இருந்தால் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு எஞ்சினை ஓடவிட்டுப் பாருங்கள், கசிகிற ஒயர் மின்மினி மாதிரி மினுக்கும். பிளக்கைக் கழற்றும்போது எது எந்தச் சிலிண்டர் என்று வரிசையாக வையுங்கள். ஈரமாகப் பெட்ரோல் வாடையோடு வந்தால் பெட்ரோல் வருகிறது, பொறி இல்லை. காய்ந்து சுத்தமாக வந்தால் பெட்ரோலே வரவில்லை. கறுப்புப் புகைக்கரி என்றால் பெட்ரோல் அதிகம், சோக் திறக்கவில்லையோ என்று பாருங்கள். இடைவெளி 0.6 முதல் 0.7 மி.மீ.

டைமிங்

பாயிண்ட்டைத் தொட்டால் டைமிங்கையும் பார்த்தே ஆகணும், எப்போதும் பாயிண்ட் முதலில், டைமிங் பிறகு, மாற்றிச் செய்தால் ரெண்டும் வீண். 009 என்று பேர் வாங்கிய டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் எஞ்சின் ஓடாமலே டெஸ்ட் லேம்ப் வைத்துச் செய்யலாம். புல்லியில் 7.5 டிகிரிக் குறியைக் கிராங்க்கேஸின் ரெண்டு பாதி சேரும் கோட்டுக்கு நேராகக் கொண்டுவாருங்கள், ரோட்டர் டிஸ்ட்ரிபியூட்டர் விளிம்பில் இருக்கிற வெட்டுக்கு நேராக நிற்கணும், இல்லையென்றால் இன்னொரு முழுச் சுற்று. லேம்ப்பின் ஒரு முனை காயிலின் 1இல், மறுமுனை எர்த்தில். சாவியைப் போட்டு, டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் கடிகாரச் சுற்றில் திருப்பினால் லேம்ப் அணையும், அங்கிருந்து எதிர்ச்சுற்றில் மெல்ல மெல்லத் திருப்புங்கள், எரிகிற அந்தக் கணத்தில் நிறுத்தி நட்டை இறுக்குங்கள். இறுக்கும்போது நகர்ந்துவிடும், அதனால் மறுபடி ஒரு முறை சோதியுங்கள். 1970களின் ஆரம்பத்தில் வந்த டபுள் வேக்குவம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு இது பொருந்தாது, அதற்கு ஐட்லிங்கில் ஸ்ட்ரோப் லைட் அடித்து டாப் (பிஸ்டன் உச்சியில் நிற்கிற நிலை) தாண்டி 5 டிகிரியில் வைக்கணும். புல்லி மாற்றிய வண்டியில் வெட்டுக்குறி எதைச் சொல்கிறது என்று முதலில் உறுதிசெய்யுங்கள், எல்லாப் புல்லியிலும் ஒரே இடத்தில் வெட்டியிருப்பதில்லை.

பொறி இருக்கிறது, பெட்ரோல்?

ஏர் ஃபில்டரை எடுத்துவிட்டு, எஞ்சின் ஓடாத நிலையில், கார்புரேட்டர் வாய்க்குள் பார்த்தபடி ஆக்சிலரேட்டர் லீவரைக் கையால் தள்ளுங்கள். ஒரு மெல்லிய தாரை பீய்ச்சி அடிக்கணும். அடித்தால் ஃப்ளோட் பவுலில் (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் தேங்குகிற கிண்ணம்) பெட்ரோல் இருக்கிறது, அடிக்கவில்லை என்றால் ஒன்று பவுல் காலி, இல்லை கார்புரேட்டரிலேயே இருக்கிற ஆக்சிலரேட்டர் பம்ப்பின் டயாஃப்ரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது.

ரெண்டு வாரம் நின்ற வண்டிக்கு இது கோளாறே இல்லை. பவுலில் இருந்தது காற்றில் ஆவியாகிவிட்டது, மெக்கானிக்கல் பம்ப் எஞ்சின் சுற்றினால்தான் இழுக்கும், அதனால் முதல் முறை கொஞ்சம் அதிகமாகச் செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கும். பத்து விநாடி அடித்து அரை நிமிஷம் ஓய்வு, திரும்பப் பத்து. இதற்காகக் கார்புரேட்டரைப் பிரித்தவர்களை எனக்குத் தெரியும், நானும் ஒரு காலத்தில் அந்தக் கூட்டம்தான். சந்தேகம் தீரணும் என்றால் சிரிஞ்ச்சில் அஞ்சு மில்லி பெட்ரோலைக் கார்புரேட்டர் வாயில் விட்டு, ஏர் ஃபில்டரைத் திரும்ப மாட்டி, அப்புறம் செல்ஃப் அடியுங்கள். ஃபில்டர் இல்லாமல் அடிக்க வேண்டாம், எதிர்த்து வெடித்தால் தீ வெளியே வரும், முகம் அங்கேதான் இருக்கும். உடனே எடுத்து ரெண்டு விநாடியில் நின்றுவிட்டால் பெட்ரோல் வந்து சேரவில்லை என்பது முடிவு.

அப்போது கார்புரேட்டருக்கு வருகிற ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, காயில் நடு ஒயரை எர்த் பண்ணிவிட்டுச் செல்ஃப் அடித்தால் விட்டு விட்டுத் துடிப்பாக வரணும். வரவில்லை என்றால் டேங்கிலிருந்து பம்ப் வரைக்கும் ஃபில்டர் அடைப்பு, ஹோஸில் காற்று இழுப்பது, இல்லை பம்ப்பே. ஆயில் குச்சியை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்து, ஆயிலும் அளவுக்கு மேலே ஏறியிருந்தால், ஒன்று பம்ப் டயாஃப்ரம் ஒழுகுகிறது, இல்லை ஃப்ளோட் ஊசி மூடாமல் பெட்ரோல் உள்ளே இறங்குகிறது. அந்த ஆயிலோடு வண்டியை ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும். புதுசாகப் போட்ட சில பம்ப்புகள் அழுத்தம் அதிகமாகத் தள்ளி ஊசியைத் திறந்துவிடுவதும் உண்டு, அதற்கு அடியில் கேஸ்கெட் சேர்த்து உயர்த்திச் சரிசெய்யலாம்.

காலையில் மட்டும் தகராறு

இதில் பாதி ஓட்டுகிறவரின் காலில் இருக்கிறது. ஆட்டோமேட்டிக் சோக் தானாக மூடாது, ஆக்சிலரேட்டர் லீவர் படிக்கட்டுக் கேமின் மேல் உட்கார்ந்துகொண்டு அதை மூடவிடாது. சாவியைத் திருப்புவதற்கு முன் ஆக்சிலரேட்டரைத் தரை வரை ஒரு முறை மிதித்து மெதுவாக விடுங்கள், அப்போதுதான் ஸ்பிரிங் தகட்டை மூடும். பிறகு காலை எடுத்துவிட்டு செல்ஃப் அடியுங்கள். ஃபியட் 500இல் இதெல்லாம் கிடையாது, சீட்டுகளுக்கு நடுவே சோக் லீவர், கையால் தூக்க வேண்டியதுதான். எனக்கென்னவோ அதுதான் நேர்மையான ஏற்பாடு.

மிதித்தும் தகடு மூடவில்லை என்றால் தண்டு பிசுக்குப் பிடித்திருக்கும், கிளீனர் அடித்து ஆட்டிவிடுங்கள். மூடுகிறது ஆனால் திறக்கவில்லை என்றால் சோக்கின் மின்சூடு வேலை செய்யவில்லை, எஞ்சின் ஓடிச் சில நிமிஷத்தில் தகடு நேராக நிமிர்ந்திருக்கணும். மூன்று ஸ்க்ரூவைத் தளர்த்தி வட்ட மூடியைத் திருப்பினால் ஸ்பிரிங் இறுக்கம் மாறும், நடுக்குறியில் வைத்து ஆரம்பியுங்கள்.

எடுக்கிறது, ஆனால் தத்தளித்து நின்றுவிடுகிறதா? ஒரே கார்புரேட்டர் நடுவில் உட்கார்ந்து நீண்ட குழாய் வழியாக ரெண்டு பக்கத்துக்கும் கொடுக்கிற எஞ்சின் இது, குளிர்ந்த குழாயில் பெட்ரோல் துளியாகப் படிந்துவிடும். அதற்காகத்தான் இன்டேக் குழாய்க்கு அடியில் எக்ஸாஸ்ட் புகை போகிற மெல்லிய குழாய் ஒன்று ஒட்டியிருக்கிறது. அது கரி அடைத்துப் போனால் எஞ்சின் ஓடும்போதே இன்டேக் குழாய் பனித்துளி பூத்து, குளிரில் வெள்ளையாக உறைந்தே நிற்கும். கரி கல்லாக இறுகியிருக்கும், வயரை விட்டுக் குடைந்தெடுக்கப் பொறுமை வேண்டும். இன்டேக் ரப்பர் வெடித்துக் காற்று இழுத்தாலும் இதே தத்தளிப்புதான்.

சூட்டில் மட்டும் தகராறு

ஏர்கூல்டு எஞ்சினின் தனிக்குணம் இங்கேதான். ஃபேன் எஞ்சினோடு சேர்ந்துதான் சுற்றுகிறது. நீங்கள் சாவியை அணைத்ததும் காற்றும் நிற்கிறது, ஹெட்டில் தேங்கிய சூடு மெல்ல மேலே ஏறிக் கார்புரேட்டருக்கும் பம்ப்புக்கும் வந்து சேர்கிறது. அதனால் நிறுத்திப் பத்து இருபது நிமிஷம் கழித்துத்தான் மேலே சூடு உச்சம். பவுலில் பெட்ரோல் கொதித்து இன்டேக்குக்குள் வழியும், நீங்கள் வந்து பழக்கதோஷத்தில் ஆக்சிலரேட்டரை நாலு மிதி மிதித்து இன்னும் ஊற்றுவீர்கள். செய்ய வேண்டியது நேர் எதிர்: ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்து அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள், காற்று வாய் முழுக்கத் திறந்து மிஞ்சிய பெட்ரோல் வெளியேறும், எஞ்சின் பிடித்ததும் காலை விடுங்கள். எதிர்மாறாக, பம்ப்பிலும் ஹோஸிலும் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டால் ஆறுகிற வரைக்கும் காத்திருப்பதுதான் வழி. கார்புரேட்டர் வாயில் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும்: ஈரமாக வாடை அடித்தால் முதலாவது, தாரையே இல்லை என்றால் ரெண்டாவது.

இது அடிக்கடி நடந்தால் எஞ்சினைச் சுற்றியிருக்கிற தகடுகளையும் ஓர ரப்பரையும் பாருங்கள். அழகுக்காகவோ அலட்சியத்திலோ ஏதாவது ஒரு தகட்டைக் கழற்றி வைத்திருப்பார்கள், கீழே போக வேண்டிய சூடான காற்றை ஃபேன் மறுபடி உறிஞ்சிக்கொண்டிருக்கும். பம்ப்புக்கு அடியில் இருக்க வேண்டிய கறுப்பு பேக்கலைட் கட்டையும் இருக்கிறதா பாருங்கள், அது சூட்டைத் தடுக்கத்தான்.

வால்வு

நியாயமாகப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் முன் செய்ய வேண்டியது இது. எஞ்சின் முழுக்க ஆறியிருக்கணும், கை வைத்தால் குளிர்ச்சியாக, முந்தின ராத்திரியே நிறுத்தியதாக இருந்தால் உத்தமம். பெரும்பாலான பீட்டில் எஞ்சின்களுக்கு இடைவெளி 0.15 மி.மீ. ரோட்டர் விளிம்பு வெட்டுக்கு நேராக, புல்லி டாப் குறியில் நின்றால் ஒன்றாம் சிலிண்டர், அதன் ரெண்டு வால்வையும் பாருங்கள். புல்லியைக் கடிகாரச் சுற்றில் அரைச் சுற்று திருப்பினால் 4, அடுத்த அரைக்கு 3, அடுத்து 2; பொறி வரிசை 1-4-3-2 என்பதால் அப்படி. எதிர்ச்சுற்றில் திருப்பினால் 1, 2, 3, 4 என்று ஒழுங்காக வரும், எனக்கு அதுதான் சுலபம்.

பலரும் டக் டக் என்று சத்தம் போடுகிற எஞ்சினைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். பயப்பட வேண்டியது சத்தமே இல்லாத எஞ்சினைப் பார்த்துத்தான். வால்வு தன் இருக்கையில் அமிழ அமிழ, அல்லது தண்டு நீள நீள, இடைவெளி குறைந்துகொண்டே போகும், சத்தமும் அடங்கும், "எஞ்சின் பட்டு மாதிரி ஓடுது" என்று சொல்லிக்கொள்வோம், அங்கே வால்வு முழுசாக மூடாமல் அழுத்தம் கசிந்து, விளிம்பு கருகிக்கொண்டிருக்கும். முதலில் அடிபடுவது பெரும்பாலும் மூன்றாம் சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு. பழைய அமைப்பில் ஆயில் கூலர் அந்தப் பக்கக் காற்றை மறித்துக்கொண்டு நிற்பதால் அதற்குச் சூடு அதிகம்.

எல்லாம் சரியாக இருந்தும் எடுக்க அடம்பிடித்தால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் அழுத்தம்) பாருங்கள். எஞ்சின் சூடாக, நாலு பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டர் முழுக்க மிதித்தபடி. நூறுக்கு மேல் பி.எஸ்.ஐ. நல்லது, எழுபதுக்குக் கீழே போனால் அந்தச் சிலிண்டர் களைத்துவிட்டது, ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருபதைத் தாண்டினாலும் விசாரிக்கணும். ஆயிலை ஊற்றி ரிங்கா வால்வா என்று பார்க்கிற சோதனை படுத்த சிலிண்டரில் அவ்வளவு நம்பகம் இல்லை, ஊற்றிய ஆயில் கீழ்ப்பக்கம் தேங்கிவிடும். அதற்குப் பதில் அந்தச் சிலிண்டரை டாப்பில் நிறுத்தி, வண்டியைக் கியரில் போட்டு, பிளக் துளை வழியாகக் கம்ப்ரெஸர் காற்றை விட்டுக் காது கொடுத்துக் கேளுங்கள். கார்புரேட்டர் வாயில் சீறினால் இன்டேக் வால்வு, ஆயில் ஊற்றுகிற வாயில் சீறினால் ரிங், சைலன்ஸர் குழாயில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வு. கடைசி ரகமாக இருந்தால் அந்த வால்வின் இடைவெளியைச் சரிசெய்துவிட்டுக் கொஞ்ச நாள் ஓட்டி மறுபடி அளந்து பாருங்கள். நின்ற இடத்திலேயே நின்றால் தப்பித்தீர்கள். திரும்பவும் குறைந்திருந்தால் தண்டு நீண்டுகொண்டிருக்கிறது, தலை உடைந்து பிஸ்டன் மேல் விழுவதற்கு முன் எஞ்சினை இறக்கி அந்த ஹெட்டைக் கழற்றிவிடுங்கள்.